தலை எண்ண வந்தவர் கால் எண்ணிய ஞாயிறு

லாசி, சிகிஹோர் தீவு.
திங்கட்கிழமை. வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம்.

அயர்லாந்துக் குளிரிலும் அணையாமல் எரியும் எங்கள் குலவிளக்கு, மதிப்பிற்கும் மரியாதைக்கும் மாதாமாதம் பெட்டி அனுப்பும் கைக்கும் உரிய நெனிட்டா பெரியம்மா அவர்களுக்கு, நம் ஊர் வழக்கப்படி தங்கள் வலது கையைக் கற்பனையில் எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டு, தங்கை மகள் குவீனி லூ எழுதும் மடல். இங்கே அம்மா நலம், அப்பா நலம், நாய் நலம். சென்ற பெட்டியில் வந்த சாக்லேட்டும் நலமாகத்தான் இருந்தது, இப்போது இல்லை. தாங்களும் பெரியப்பாவும் அவ்வண்ணமே (சாக்லேட் வண்ணம் அல்ல, நாய் வண்ணம்) நலமாக இருக்க லாசி மாதாவை வேண்டுகிறேன்.

கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பது மரபு. எனக்குப் பொறுமை இல்லாததால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெயித்துவிட்டோம் பெரியம்மா! நம் தீவின் பிசியோதெரபிஸ்ட் சங்கக் கிளை பிழைத்துவிட்டது. கிளை முறியவில்லை, துளிர்த்திருக்கிறது. இந்தக் கிளைக்கு நீங்களும் ஒரு வருஷம் தலைவராக இருந்தவர் என்பதால் உங்களுக்குத்தான் முதல் தகவல். நீங்கள் தலைவராக இருந்த அந்த வருஷக் கடைசியிலேயே அயர்லாந்துக்குப் பறந்துவிட்டீர்கள் என்று அம்மா இன்றைக்கும் பெருமூச்சு விடுவாள். "அவ இருந்திருந்தா இந்தக் கதி வந்திருக்குமா" என்பது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் சொல்லும் ஜெபத்தின் கடைசி வரி.

என்ன கதி என்கிறீர்களா? அங்கே உருளைக்கிழங்கு தின்று எல்லாம் மறந்திருக்கும், அதனால் நினைவுபடுத்துகிறேன். சங்கம் என்பது ஒரு உடம்பு. மணிலாவில் தலை. ஒவ்வொரு வட்டாரமும் ஒரு கை, ஒரு கால். ஒவ்வொரு மாகாணக் கிளையும் ஒரு விரல். சிகிஹோர் இடது காலின் சுண்டுவிரல். கதவில் இடித்துக்கொள்ளும்போது மட்டும் இருப்பது தெரியும். நம் கிளையில் உறுப்பினர் மொத்தம் இருபத்து மூன்று பேர். வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம். அதில் பாதிக்கு மேல், அதாவது பன்னிரண்டு பேராவது, அறைக்குள் உடலோடு இருந்தால்தான் கூட்டம் செல்லும். அதற்குப் பெயர் கோரம். கோரம் இல்லையென்றால் கூட்டம் கோரம். போன வருஷம் சேரவில்லை, அதற்கு முந்தைய வருஷமும் சேரவில்லை. மூன்றாவது முறையும் சேராவிட்டால் கிளையைக் கலைத்துக் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் டூமகெட்டே கிளையோடு ஒட்டிவிடலாம் என்பது விதி. சுண்டுவிரலை வெட்டிப் பெருவிரலோடு தைத்துவிடுவார்கள்.

தைத்தால் என்ன என்று கேட்கலாம். உரிமத்தைப் புதுப்பிக்க எல்லோரும் பயிற்சி வகுப்புக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும் அல்லவா? கிளை இருந்தால் வகுப்பை இங்கேயே நடத்திக்கொள்ளலாம். கிளை போனால் வருஷத்துக்கு இரண்டு தடவை படகேறி டூமகெட்டே போக வேண்டும். அம்மாவுக்கும் படகுக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் சங்கு ஊதினாலே வீட்டில் அவள் கை வாய்க்குப் போகும். மீன்குழம்பு அலைமோதினால்கூடப் பார்க்க மாட்டாள். ஒரே போடாகப் போட்டுவிட்டாள்: "கிளை போச்சுன்னா நானும் வேலைய விட்டுடுவேன். அந்தப் படகுல நான் கால் வைக்க மாட்டேன்." லாசியில் இருக்கும் ஒரே பிசியோ அவள்தான். பக்கவாதம் வந்து, போன வாரம்தான் கரண்டியைத் தானே பிடித்துக் கஞ்சி குடித்த மீன்காரர் டெமெட்ரியோவை அப்புறம் யார் பார்ப்பது? அவர் அம்மாவிடம் கேட்டார்: "மேம், நீங்க விட்டுட்டுப் போனா நான் ஸ்பூன மறுபடியும் கீழ போட்டுடவா?" அம்மா அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. நான் பார்த்தேன். அப்போதுதான் முடிவு செய்தேன், இது என் மட்டத்தில் தீர்க்கவேண்டிய விஷயம் என்று.

கோரம் ஏன் சேரவில்லை, உறுப்பினர்கள் சோம்பேறிகளா என்றால் இல்லவே இல்லை. எல்லோரும் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வந்து சேர்வதுதான் இல்லை. இந்தத் தீவில் ஒரு பிசியோ பத்தடி நடந்தால் பதினோராவது அடியில் யாராவது ஒரு முட்டியை நீட்டுவார்கள். "மேம், ஒரே நிமிஷம், இங்க ஒரு பிடிப்பு." ஒரே நிமிஷம் என்பது ஒரு மணி நேரத்தின் செல்லப்பெயர். போன வருஷம் மரியா ஊரிலிருந்து கிளம்பிய ஃபெலிசிசிமா அக்கா வழியில் ஒரு கல்யாண வீட்டைக் கடந்தார். மாப்பிள்ளைக்குக் கழுத்து திரும்பவில்லை, பெண் உட்கார்ந்திருந்ததோ அந்தப் பக்கம். அக்காவைச் சங்கத்தில் எதிர்பார்த்தோம். அவர் சாயங்காலம் கல்யாணப் புகைப்படத்தில் இருந்தார்.

அதனால் இந்த வருஷம் அம்மா எல்லா ஏற்பாட்டையும் தலைமேல் போட்டுக்கொண்டாள். லாசி கூடைப்பந்துக் கூடத்தில் ஞாயிறு காலைக் கூட்டம். வந்தவர் போகாதிருக்க ஒரு முழு லெச்சோன். மொறுமொறுவென்று வாட்டிய அந்தப் பன்றி மேடைக்கு எதிரே மேஜைமேல் படுத்து எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. கூட்டம் முடிகிறவரை அதில் கத்தி படக்கூடாது என்று அம்மாவின் உத்தரவு. கூட்டக் கடைசியில் குலுக்கல். முதல் பரிசு ஒரு மூட்டை அரிசி. இவ்வளவுக்குப் பிறகும் ஒருவன் வரவில்லை என்றால் அவன் பிலிப்பினோவே இல்லை.

தலை எண்ணுவதற்கு டூமகெட்டேயிலிருந்து வட்டார இயக்குநர் வந்தார். சார் எலியூதெரியோ. ஆறடி உயரம், தேய்த்த சட்டை, தேயாத கொள்கை. விதி என்று வந்துவிட்டால் வளைந்தே கொடுக்கமாட்டார். படகிலும் அதற்குமேல் டிரைசைக்கிளிலும் குலுங்கி வந்து இறங்கியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது இரண்டே நொடி. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். பையிலிருந்து முதலில் விதிப்புத்தகத்தை எடுத்தார், பிறகு மரச் சுத்தியலை எடுத்தார், கடைசியில் ஒரு பெரிய சுவரொட்டியை எடுத்து மேடைக்குப் பின்னால் ஒட்டச் சொன்னார். அதில் அவர்தான், இருபது வயது குறைவாக, ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு. கீழே கொட்டை எழுத்தில்: இடுப்பைக் குனியாதே, முழங்காலை மடக்கு!

காலையில் ஏழு பேர்தான். சும்மா இருப்பானேன், பேச ஆரம்பிக்கலாமே என்றாள் அம்மா. சார் சுத்தியலை உயர்த்திக் காட்டினார்.

"ரோசெண்டா, இது தட்டினாத்தான் கூட்டம் ஆரம்பம். இது தட்டினாத்தான் கூட்டம் முடிவு. நடுவுல நடக்குறதெல்லாம் வெறும் அரட்டை."

"அப்ப எத்தனை மணி வரைக்கும் காத்திருப்பீங்க, சார்?"

"கோயில் மதிய மணி அடிக்கிற வரைக்கும். அடிச்சதும் தட்டிடுவேன். விதி."

இந்த வாக்கியத்தை மனதில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள் பெரியம்மா. நான் குறித்துவைத்துக்கொண்டேன்.

மதியம் நெருங்கும்போது ஒன்பது பேர் ஆகியிருந்தார்கள். மூன்று பேர் குறைகிறது. அதில் இரண்டு பேர் எங்கே தெரியுமா? வாசலில்! வாசலுக்கு வெளியே பார்பெக்யூ விற்கும் அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார் ஃபெலிசிசிமா அக்கா. எதிரே கோயில் படியில் பாதிரியாரின் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார் டியோஸ்டாடோ அண்ணன். நான் ஓடிப்போய்க் கெஞ்சினேன்.

"அக்கா, உள்ள வாங்க, உங்களைத்தான் எண்ணணும்!"

"ஒரே நிமிஷம்டி. பாவம், இந்தக் கையாலதான் அவங்க பொழைப்பே."

"அண்ணே, நீங்களாவது…"

"சாமியாரோட கைய நடுவுல விட்டுட்டு வரச்சொல்றியா? அடுத்த ஞாயிறு ஆசீர்வாதம் பாதிதான் கிடைக்கும், பரவாயில்லையா?"

வாசலில் நிற்கிற இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சாரிடம் அம்மா கேட்டுப் பார்த்தாள். "அறைக்குள் உடலோடு" என்று புத்தகத்தைத் திறந்து காட்டினார். வாசல் அறை இல்லையாம். நிலைப்படியாவது அறைதானே என்று நான் கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையில் பதில் இருந்தது, கூடவே ஒரு அறையும் இருந்தது.

மூன்றாவது ஆள் நம் கிளைத் தலைவரே. புரொகோபியோ அண்ணன்! தலைவர் இல்லாத தலை எண்ணிக்கை. அம்மா ஒலிபெருக்கியில் போட்டு அவருக்குப் போன் அடித்தாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன் ரோசெண்டா! பாதி வழி வந்தாச்சு!"

பின்னால் சேவல் கூவியது. அதற்கும் பின்னால் அவர் மனைவியின் குரல்: "யோவ், குளிக்கப் போறியா இல்லையா? தண்ணி ஆறுது!"

கூடம் முழுக்கக் கேட்டது. சார் எலியூதெரியோ மட்டும் சிரிக்கவில்லை; கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை பெரியம்மா. லெச்சோனே சிரிப்பை நிறுத்திவிட்டதுபோல எனக்குப் பட்டது.

சரி, உறுப்பினர்களை உள்ளே இழுக்க ஒரு வலி வேண்டும், அவ்வளவுதானே என்று நான் கூடத்தின் நடுவில் பொத்தென்று விழுந்தேன். "ஐயோ என் கணுக்கால்! ஒடிஞ்சிடுச்சு! எலும்பு தெரியுது!" என்று மூன்று ஊருக்குக் கேட்கும்படி அலறினேன். ஒன்பது பிசியோக்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது பேரும் மறுபடி திரும்பிக்கொண்டார்கள்.

"போன மாசம் அந்தக் கால்தானே ஒடிஞ்சுது?" என்றார் ஒருவர்.

"இல்ல, அது கை. கணக்குப் பரீட்சை அன்னிக்கு" என்றாள் என்னைப் பெற்றவள். "எழுந்திருடி, தரை அழுக்கு."

பொய்க்காலில் நின்றால் இதுதான் நிலைமை. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டே சார் மேஜைப் பக்கம் ஒதுங்கினேன். அந்த நொடியில் கோயில் மணி அடித்தது.

மதிய மணி அடித்தால் நம் ஊரில் என்ன செய்வோம்? எல்லோரும் எழுந்து நின்று, தலை குனிந்து, கண் மூடி, மூவேளை ஜெபம். சார் எலியூதெரியோவும் எழுந்து கண்ணை மூடினார். நானும் மூடினேன், ஒரு கண்ணை. மேஜை விளிம்பில் சுத்தியல். எனக்கும் மேஜைக்கும் ஒரு முழம். ஆண்டவர் மன்னிப்பாராக, அவர் அப்போது ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததால் என்னைப் பார்த்திருக்க மாட்டார். சுத்தியல் மெதுவாக உருண்டு மேஜைவிரிப்புக்கு உள்ளே போயிற்று. அங்கிருந்து என் செருப்பு அதைக் கடைசி மூலைவரை வழியனுப்பி வைத்தது. தட்டாதவரை முடிவு இல்லை. விதி!

"ஆமென்" என்று சொல்லிவிட்டுச் சார் மைக்கைப் பிடித்தார். "வருந்துகிறேன். மூன்றாவது ஆண்டும் போதிய உறுப்பினர் இல்லாததால், இந்தக் கிளையின் பொதுக்கூட்டம்…" என்றபடி கையைச் சுத்தியலுக்கு நீட்டினார். கை மேஜையைத் தடவிற்று. விதிப்புத்தகத்தைத் தூக்கிப் பார்த்தார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கூரையில் எத்தனை பல்லி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் விரிப்பைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டார்.

"அதோ இருக்கு."

"சார், இருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்று அம்மா ஓடினாள்.

"எனக்குக் குனியத் தெரியாதா?"

"தெரியும் சார், ஆனா முட்டிய மடக்கி…"

"ரோசெண்டா! அந்தச் சுவரொட்டியில இருக்கிறது யாரு?"

சொல்லிக்கொண்டே, அந்தச் சுவரொட்டிக்கு நேர் கீழே, ஒரு கையில் மைக்கோடு, முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு, இடுப்பிலிருந்து குனிந்தார் பெரியம்மா. முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் "குனியாதே, குனியாதே" என்று சொன்னவர். ஒரு 'டக்' கேட்டது. காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி. அடுத்து மைக் வழியாக, நான்கு ஒலிபெருக்கி வழியாக, லாசி முழுக்க, கோயில் மடத்து மரங்களில் இருந்த வௌவால் எல்லாம் கிளம்பும்படி ஒரு குரல்:

"அம்மாஆஆஆ!"

விதியில் வளையாத மனிதர் இடுப்பில் வளைந்துவிட்டார். வளைந்தவர் நிமிரவில்லை. தமாஷாக ஆரம்பித்த நானே சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் அடுத்த நொடி நடந்ததைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. உண்மையான வலியின் குரல் எது என்று பிசியோ ஜாதிக்குத் தெரியும். வாசலில் ஃபெலிசிசிமா அக்கா பார்பெக்யூ அம்மாளின் கையைப் போட்டுவிட்டு உள்ளே பாய்ந்தார். டியோஸ்டாடோ அண்ணன் பாதிரியாரின் தோளை ஆகாயத்தில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பாதிரியார் கையை இறக்க மறந்து, ஊரையே ஆசீர்வதிக்கும் கோலத்தில் பின்னாலேயே வந்தார். அழைப்பிதழ் கொடுத்தும் லெச்சோன் வைத்தும் உள்ளே வராதவர்களை ஒரு இடுப்புப் பிடிப்பு கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

"ஐஸ் வைங்க!"

"ஐஸா? எந்தக் காலத்துல இருக்கீங்க? சூடுதான்!"

"முன்னாடி வளைக்கணும்."

"பின்னாடி வளைக்கணும்."

"யாரும் எதையும் வளைக்காதீங்க!" என்று தரையைப் பார்த்தபடியே கத்தினார் சார். கவிழ்த்துவைத்த 'ட' மாதிரி நின்றிருந்தார்.

"படுக்கவைக்கணும்" என்றாள் அம்மா. அவள் குரல் மாறியிருந்தது. கூட்டத்தை மறந்துவிட்டாள், கிளையை மறந்துவிட்டாள், கண்ணில் இடுப்பு மட்டும்தான். "முகத்துக்கு ஓட்டை வெச்ச சிகிச்சை மேஜை வேணும். குப்புறப் படுக்கணும். யாருகிட்ட இருக்கு?"

தீவில் அப்படிப்பட்ட மடக்கு மேஜை ஒருவரிடம்தான் இருக்கிறது. பாதி வழியில் குளித்துக்கொண்டிருந்தவரிடம்.

அம்மாவின் போனை எடுத்து நான் செய்தி அனுப்பினேன். சங்கம், கூட்டம், கோரம் ஒரு வார்த்தை கிடையாது. 'நோயாளிக்கு இடுப்புப் பிடிப்பு, கூடைப்பந்துக் கூடம், உங்கள் மேஜை தேவை.' அவ்வளவுதான். ஒரு சட்டி பன்சிட் நூடுல்ஸ் வேகிற நேரத்துக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம். தலையில் சோப்பு நுரை காயாமல், முதுகில் மடக்கு மேஜையோடு, சிலுவை சுமப்பவர்போல வந்து இறங்கினார் புரொகோபியோ அண்ணன். "நோயாளி எங்க?" என்று கேட்டவர் கூட்டத்தைப் பார்த்தார், லெச்சோனைப் பார்த்தார், முகம் வெளுத்தது. "ரோசெண்டா… கூட்டம் இன்னும் முடியலையா?"

"மேஜைய விரிங்கண்ணே!"

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துச் சாரைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். முகம் ஓட்டைக்குள் போயிற்று. அம்மா அவர் சட்டையைத் தூக்கி, எண்ணெய் தேய்த்து, இடுப்போரம் நின்று கட்டைவிரலால் தேட ஆரம்பித்தாள். மற்ற எல்லோரும் தலைமாட்டில் நெருக்கியடித்துக்கொண்டு யோசனை சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. தரையில் உட்கார்ந்து, ஓட்டைக்குக் கீழே தலையை நீட்டி, அவரை நேருக்கு நேர் பார்த்தேன்.

"சார், வணக்கம். கூட்டம் இன்னும் முடியல, தெரியுமில்ல? நீங்க தட்டவே இல்ல."

அவர் கண்ணை உருட்டினார். நியாயஸ்தர், பெரியம்மா, அதைச் சொல்லியே ஆக வேண்டும். "ஆமா" என்றார். "தட்டல. விதிப்படி கூட்டம் காத்திருப்புல இருக்கு."

"அப்ப எண்ணுங்க சார்."

"எப்படி எண்ணுறது? எனக்குத் தலையே தெரியலையே!"

"கால் தெரியுதே. கால் இருந்தா ஆள் இருக்கு. இதைவிட உடலோட எப்படி சார் இருக்கிறது?"

மேலே ஐஸ்காரரும் சூட்டுக்காரரும் ஒன்றாய் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஒண்ணு… ரெண்டு… இந்த அங்கி யாரு?"

"நான் பாதிரியார், மகனே."

"நகருங்க ஃபாதர். மூணு… நாலு… இந்த ரோஜாப்பூப் போட்ட செருப்பு?"

"பார்பெக்யூ அம்மா."

"நகருங்க. அஞ்சு…"

ஒவ்வொரு ஜோடியாக எண்ணினார். என் செருப்பையும் அடையாளம் கண்டு கழித்தார். சுத்தியல் மேஜைக்கு அடியில் எப்படிப் போனது என்று அப்போது புரிந்திருக்க வேண்டும். கடைசியில் நின்றுவிட்டார்.

"பதினொண்ணு."

"சார், நல்லாப் பாருங்க!" என்று ஃபெலிசிசிமா அக்கா அழாக்குறையாகச் சொன்னார்.

"பார்த்தாச்சு. பதினோரு ஜோடி. ஒண்ணு குறையுது. மன்னிச்சிடுங்க, நான் கண்ணால பார்க்கிறதைத்தான்…"

பன்னிரண்டாவது ஜோடி அவர் இடுப்புப் பக்கம் நின்றிருந்தது. ஓட்டைக்குத் தெரியாத இடம். அதுவரை வாயே திறக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மா, தேடிய முடிச்சைக் கண்டுபிடித்து, அதன்மேல் கட்டைவிரலை வைத்து, தன் முழு எடையையும் இறக்கினாள்.

"நான் இருக்கேனா சார்?"

"ஆஆ! இருக்க! இருக்க ரோசெண்டா! பன்னெண்டு! பன்னெண்டு!"

அந்த முடிச்சும் அவிழ்ந்தது, இந்த முடிச்சும் அவிழ்ந்தது. சுத்தியலை ஓடிப்போய் எடுத்துவந்து அவர் தொங்கும் கையில் வைத்தேன் (முழங்காலை மடக்கித்தான் எடுத்தேன்). மேஜையின் காலில் டொக்கென்று தட்டினார். கூடம் அதிர்ந்தது பெரியம்மா! விசில், கைதட்டல், தரை உதை. பாதிரியாரின் கை இன்னும் மேலேயே இருந்ததால் அதையும் வெற்றிக்கை என்று எடுத்துக்கொண்டோம். கூட்டக் குறிப்பிலேயே எழுதியாயிற்று: 'வட்டார இயக்குநர் குப்புறப் படுத்த நிலையில் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்.' உலகத்தில் வேறெந்தச் சங்கத்துக்காவது இந்தப் பெருமை உண்டா?

அப்புறம் தேர்தல். உறுப்பினர்கள் ஐந்து பேரைக் குழுவுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அம்மா, ஃபெலிசிசிமா அக்கா, டியோஸ்டாடோ அண்ணன், இன்னும் இரண்டு பேர். புரொகோபியோ அண்ணன் பெயரைச் சொன்னபோது அவர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். குழுவில் இருக்கும் ஐந்து பேர் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்க வேண்டும். ஐந்து பேரும் லெச்சோனுக்குப் பின்னால் கூடினார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று குழாயடிக்குப் போனாள். அவள் முதுகு மறைந்ததுதான் தாமதம்.

"ரோசெண்டாவை முன்மொழிகிறேன்!"

"வழிமொழிகிறேன்!"

"முன்மொழிவு முடிந்ததுன்னு முன்மொழிகிறேன்!"

"அதையும் வழிமொழிகிறேன்!"

கையைத் துடைத்துக்கொண்டே வந்த அம்மாவுக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்துக்கொண்டு அவளும் தட்டினாள். புரொகோபியோ அண்ணன் மோட்டார் சைக்கிள் பெட்டியில் கிடந்த தலைவர் பதக்கத்தை எடுத்துவந்து அம்மாவுக்குப் போட்டுவிட்டு, அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். "கடவுள் உன்னை ஆசீர்வதிப்பார்மா" என்று மூன்று தடவை சொன்னார். என்ன பெருந்தன்மை! பதவி போன மனிதர் இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அம்மா திக்குமுக்காடிப் போய், "நம்ம கிளை நம்ம தீவுலயே இருக்கும், இனி யாரும் கடல் தாண்டவேண்டாம்!" என்று பேசினாள். டெமெட்ரியோ வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி கரண்டியைத் தூக்கிக் காட்டினார். கீழே போடவில்லை.

குலுக்கலில் அரிசி மூட்டை யாருக்கு விழுந்தது தெரியுமா? சார் எலியூதெரியோவுக்கு! அம்மா கைபட்டு நேராக நின்றவர், சிரித்துக்கொண்டே போய் மூட்டையைத் தூக்கக் கையை நீட்டினார். பாதிரியார், பார்பெக்யூ அம்மா, லெச்சோன் நீங்கலாகக் கூடமே ஒரே குரலில் கத்தியது: "முட்டிய மடக்குங்க சார்!"

மடக்கினார், பெரியம்மா. அச்சு அசலாக அந்தச் சுவரொட்டி மாதிரியே.

ஆக, சுண்டுவிரல் தப்பியது. நீங்கள் வளர்த்த கிளையை உங்கள் தங்கை காப்பாற்றினாள். உங்கள் தங்கையை உங்கள் தங்கை மகள் காப்பாற்றினாள். அடுத்த பெட்டியில் சாக்லேட்டைக் கொஞ்சம் கூடுதலாக வைப்பதன்மூலம் உங்கள் தங்கை மகளை நீங்கள் காப்பாற்றலாம். பெரியப்பாவுக்கு என் வணக்கம். அங்கே உங்களிடம் வரும் எல்லா முதுகுகளுக்கும் என் விசாரிப்பு. லாசி மாதாவின் அருள் உங்கள் முழங்கால்களில் என்றும் தங்கி, படியேறும்போதும் இறங்கும்போதும் துணையிருப்பதாக.

இப்படிக்கு,
சிகிஹோர் கிளையின் பதவியில்லாச் சுத்தியல் காப்பாளர்,
குவீனி லூ.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் சார் எலியூதெரியோவிடமிருந்து போன் வந்தது. இடுப்பு தேவலாமாம். புதுத் தலைவருக்கு வாழ்த்துச் சொன்னார். கூடவே, கிளைத் தலைவராக இருப்பவர் தானாகவே வட்டார மன்றத்திலும் உறுப்பினர் ஆகிவிடுவார், மன்றம் மாதாமாதம் கூடும், டூமகெட்டேயில், கட்டாயம் நேரில் வரவேண்டும், விதி, என்றும் சொன்னார். முதல் கூட்டம் இந்தச் சனிக்கிழமை. வருஷத்துக்கு இரண்டு தடவை படகேறமாட்டேன் என்று போராடி ஜெயித்த அம்மா, இனி பன்னிரண்டு தடவை ஏறவேண்டும். இஞ்சியை இடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் பைகளை ஒவ்வொன்றாக ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். புரொகோபியோ அண்ணன் ஏன் அழுதார் என்று புரிந்துவிட்டது. நீங்கள் ஏன் ஒரே வருஷத்தில் அயர்லாந்துக்குப் பறந்தீர்கள் என்பதும் புரிந்துவிட்டது பெரியம்மா, போனது விமானத்தில்தானே? அங்கே இன்னொரு பிசியோவுக்கு வேலை காலி இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். கையைக் காட்டித்தான் சொன்னாள். வாயில் இஞ்சி.